20 இஞ்ச் கிக் போதும்

பல பேர் சேர்ந்து வாசித்துப் பழகுகிற பொது ஜாம் ரூமுக்கு டிரம் செட் வாங்கப் போகிறீர்களா, கிக், அதாவது காலால் பெடலை மிதித்து அடிக்கிற அந்தப் பெரிய டிரம், 20 இஞ்ச் விட்டம் போதும். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் 22 இஞ்சின் மேல்தான் கண். கோத்தகிரிப் பக்கம் சில தம்பிகள் சேர்ந்து ஒரு அறை பிடித்திருக்கிறார்கள். ஆம்ப், கீபோர்டு, மைக் எல்லாம் ஆளாளுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், டிரம் செட் மட்டும் பொதுவில் பணம் போட்டு வாங்கணும். "அண்ணா, 22 தானே புரொஃபஷனல் சைஸ்?" என்று கேட்டார்கள். அப்படியொரு சைஸ் கிடையாது. அறையையும் அதில் வந்து உட்காருகிற ஆட்களையும் பார்த்துத்தான் முடிவு செய்யணும். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோர்வையாக எழுதுகிறேன்.

எங்கள் அறை குன்னூரில், ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இந்த ஊர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒற்றை மாடி வீடு. பக்கவாட்டுப் படியில் இறங்கினால் சரிவுப் பக்கம் அடியில் இன்னொரு அறை இருக்கும். எங்களுடையது ஒரு காலத்தில் விறகும் உருளைக்கிழங்கும் போட்டு வைத்த அறை. 14 அடி நீளம், 12 அடி அகலம், உயரம் எட்டரை அடி. மூன்று பக்கம் கல் சுவர், நாலாவது பக்கம் பள்ளத்தைப் பார்த்த ஜன்னல். ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கும் பிள்ளைகள், அருவங்காடு ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வரும் ஒரு அண்ணன், கல்யாணக் கச்சேரிக்குப் போகும் மெல்லிசைக்காரர்கள், காலேஜ் லீவில் ஊருக்கு வரும் மெட்டல் பையன்கள், படுக மொழிப் பாட்டுக்குப் புது பீட் தேடுகிற ஒரு குழு, எல்லாரும் வந்து உட்காருவது ஒரே செட்டில்.

இந்த அளவு அறையில் கனத்த சத்தம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. 12 அடி என்பது 3.66 மீட்டர். எதிரெதிரே நிற்கிற அந்த இரண்டு சுவருக்கும் இடையில் ஒரு சத்தத்தின் அரை அலை கச்சிதமாகப் பொருந்தினால் அது அங்கேயே நின்று முழங்கும். கணக்குப் போட்டால் அது 46 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. 14 அடிப் பக்கத்துக்கு 40 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். ஆக, பேஸ் ஏற்கெனவே அறையை நிரப்பிக்கொண்டிருக்கிற இடத்தில்தான் தளர்வாகக் கட்டிய பெரிய கிக்கும் போய் விழுகிறது. ஒரு அடி ஓய்வதற்குள் அடுத்த அடி வரும். பேஸ்காரருக்குத் தன் நோட்டு கேட்காது, ஆம்பைக் கூட்டுவார். கிடார்காரர் விடுவாரா, அவரும் கூட்டுவார். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்த வேண்டியதுதான்.

20 இஞ்ச் கிக் இயல்பாகவே சுருதியில் கொஞ்சம் மேலே நிற்கிறது. உள்ளே ஒரு சின்னத் தலையணையை, இரண்டு தோலையும் லேசாகத் தொடுகிற மாதிரி வைத்தால் 'தும்' என்று விழுந்து அதோடு நின்றுவிடும். பேஸுக்கு இடம் கிடைக்கும். செட்டை மூலையில் தள்ளி வைக்காமல் சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னே இழுத்துப் போட்டால் இன்னும் தெளிவு. மூலை கனத்த சத்தத்தை ஊதிப் பெருக்கும்.

லெட் செப்பலினின் ஜான் பான்ஹாம் 26 இஞ்ச் கிக் வாசித்தார் என்று உடனே யாராவது சொல்வார்கள். வாசித்தார், அவர் நின்ற மேடையும் அரங்கமும் அந்த அளவு. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் 1963-ல் வாங்கிய முதல் லுட்விக் செட்டில் கிக் 20, கிக்கின் மேல் மாட்டுகிற மேல் டாம் 12, பக்கத்தில் தன் காலிலேயே தரையில் நிற்கிற ஃப்ளோர் டாம் 14. அந்தச் சத்தம் சின்னது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அறையைப் போலவே ஆட்களும் முக்கியம். கிக் தரையில் நிற்பது. 22 என்றால் அதன் உச்சி தரையிலிருந்து 56 சென்டிமீட்டர், 20 என்றால் 51. டாம் அதற்கு மேல்தான் உட்காரணும். அந்த ஐந்து சென்டிமீட்டர், குட்டையான ஆளுக்குப் பெரிய வித்தியாசம். எங்கள் அறையில் வாசிக்கும் சர்ச் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போகிறவர்கள். 22 கிக்கின் மேல் ஆழமான டாம் இரண்டு மாட்டினால் அவர்கள் தோளைத் தூக்கித் தூக்கி அடிப்பார்கள், டாமைத் தங்கள் பக்கம் செங்குத்தாகச் சாய்ப்பார்கள், ஸ்டிக் நுனி தோலைக் குத்தும். தோலும் போச்சு, மணிக்கட்டும் போச்சு. உயரமான ஆள் தாழ்ந்த டாமை மேலே ஏற்றிக்கொள்ளலாம். உயர்ந்து நிற்கிற டாமைக் கிக்குக்குள் இறக்க முடியாது.

அப்படியென்றால் 18 வாங்கலாமே என்றால், அதுவும் வேண்டாம். ஜாஸ் வாசிப்பவர்களுக்கு 18 தங்கம். ஆனால் பெடலில் தோலை அடிக்கிற சுத்தியல், பீட்டர் என்பார்கள், அதில் நடுவுக்கு மேலே போய் அடிக்கும், அடியில் கிக்கைத் தூக்கி நிறுத்த ஒரு தாங்கி போடணும், மெட்டல் பையன்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே பிடிக்காது. எல்லாரும் சம்மதிக்கிற இடம் 20.

மேல் டாம் விஷயத்தில் எங்களுக்குள் பேச்சு நிறைய நடந்தது. கடையில் 'ஃபியூஷன்' என்று விற்கிற செட் 10, 12, 14, 20 என்று வரும். சர்ச்சில் வாசிக்கிறவர்களுக்கு 10, 12, 14 என்று உருண்டு இறங்குகிற அந்த ஓட்டம் வேணும். பழைய பாட்டு வாசிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு டாம் போதும், அந்த இடத்தில் ரைடு, அதாவது தாளத்தைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே போகிற பெரிய சிம்பல், கைக்குப் பக்கத்தில் வரணும். கடைசியில் வந்த ஏற்பாடு இது: கிக்கின் மேல் 12 மட்டும் நிரந்தரம். 10 அலமாரியில் இருக்கும். வேண்டியவர்கள் சிம்பல் ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டு மாட்டிக்கொள்ளலாம், கழற்றித் திரும்ப வைத்துவிடணும். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. இரண்டு டாம் மாட்டிய செட்டில் புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளை ரைடை எட்டிப் பிடிக்கப் பாதி உடம்பைத் திருப்பும். ஒரு டாம் என்றால் எல்லாம் கையருகே வந்துவிடும்.

ஃப்ளோர் டாம் 14. இதிலும் 16 கேட்டவர்கள் இருந்தார்கள், முக்கியமாகப் படுக மொழிப் பாட்டுக்காரர்கள். வட்டமாக நின்று ஆடும் அந்த நிதான நடைக்கு ஃப்ளோர் டாம்தான் உயிர், அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகப் படுகர் சடங்குகளுக்குக் கோத்தர் பழங்குடியினரின் குழலும் தோல் கருவிகளும் ஒலித்திருக்கின்றன. அந்தக் கனம் காதில் ஊறியவர்களுக்கு மெல்லிய டாம் சத்தம் பத்தாது. 14-ஐயே அடித்தோலைக் கொஞ்சம் இறுக்கி, மேல்தோலைச் சுருக்கம் விழாத அளவுக்குத் தளர்த்தி வைத்துப் பார்த்தோம். ஆழமான சத்தம் வந்தது, அவர்களுக்கும் திருப்தி. எங்களைவிடப் பெரிய அறை கிடைத்தவர்கள் தாராளமாக 16 வாங்கலாம்.

மரம் என்ன, பிர்ச்சா மேபிளா பாப்லரா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். யமஹா ஸ்டேஜ் கஸ்டம் மாதிரி முழு பிர்ச் மரத்தில் வரும் நடுத்தர விலைச் செட் ஒன்று எங்கள் தேவைக்குத் தாராளம். பொது அறையில் சத்தத்தை முடிவு செய்வது தோல்தான். பலரும் பலவிதமாக அடிக்கிற இடம், அதனால் டாமுக்கு இரட்டை அடுக்குத் தோல், மேலே வெள்ளைப் பூச்சு இருக்கிறதாகப் பார்த்து. ஒற்றை அடுக்கில் வழக்கமான தடிமன் ஒரு இஞ்சில் ஆயிரத்தில் 10 பங்கு, இரட்டையில் ஒவ்வொரு அடுக்கும் 7 பங்கு. உழைப்பும் கூட, தேவையில்லாத இழுவைச் சத்தமும் குறைவு. ஸ்னேர், அதாவது வாசிப்பவரின் முழங்கால்களுக்கு நடுவில் நிற்கிற சின்ன டிரம், 14 இஞ்ச் விட்டம், ஐந்தரை இஞ்ச் ஆழம், ஸ்டீலில். மரத்தாலான ஸ்னேர் வைத்திருப்பவர்கள் தங்களுடையதைக் கொண்டுவருவார்கள்.

சரி, இப்போது நான் உண்மையிலேயே பேச நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். பணத்தில் பெரிய பங்கை டிரம்மில் போடாதீர்கள், இரும்பில் போடுங்கள். ஸ்டாண்டு, பெடல், த்ரோன் என்கிற இருக்கை. சொந்தச் செட் வைத்திருப்பவர் ஒருமுறை திருகி இறுக்கினால் வருஷக்கணக்கில் தொட மாட்டார். பொதுச் செட்டில் ஒரே சாயங்காலத்தில் நாலு பேர் எல்லாத் திருகையும் திருகுவார்கள். மலிவு ஸ்டாண்டில் முதலில் தேய்வது அந்தத் திருகுதான். தேய்ந்ததும் ஸ்டாண்டு மெல்ல மெல்ல இறங்கும், அதை நிறுத்த இன்னும் பலமாக இறுக்குவார்கள், ஒருநாள் மறை போய்விடும்.

முதலில் த்ரோன். முக்காலி என்று நினைத்து மிச்சப்பணத்தில் வாங்குகிறார்கள். வாசிப்பவரின் இடுப்பும் முதுகும் அதில்தான் இருக்கிறது. குழாயில் துளைக்குத் துளை ஊசி மாட்டும் வகை வேண்டாம், இருக்கையைச் சுற்றினாலே ஏறி இறங்கும் திருகு வகை வாங்குங்கள். உட்கார்ந்தால் இடுப்பைவிட முழங்கால் ஒரு கை அகலம் தாழ்ந்திருக்கணும், பாதம் பெடலில் முழுசாகப் படியணும். புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் இதைத்தான் சரிபார்ப்பேன், ஸ்டிக் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

ஆள் மாறுவது எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். அருவங்காடு அண்ணன் ஆறடி. அவருக்கு அடுத்து ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பாப்பா ஒருத்தி வாசிப்பாள். அவர் எழுந்ததும் த்ரோனை வலப்பக்கமாக அவளே சுற்றி இறக்குவாள். உட்கார்ந்து வலது பாதத்தைப் பெடலில் வைப்பாள், கிக்கை நகர்த்தாமல் த்ரோனை முன்னே இழுத்துக்கொள்வாள். அதன் பிறகு ஸ்னேர். அதன் ஸ்டாண்டில் நடுக்குழாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் திருகைத் தளர்த்துவாள். தாங்காமல் தளர்த்தினால் ஸ்னேர் 'டங்' என்று கீழே உட்காரும், குழாயின் விளிம்பு நசுங்கும். தொடைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிறுத்தி இறுக்குவாள், விரல் பலம் போதும், குறடு எதற்கு? ஹை-ஹேட்டில், அதாவது காலால் மிதித்தால் மூடுகிற ஜோடிச் சிம்பலில், மேல் சிம்பலைப் பிடித்திருக்கும் க்ளட்சைத் தளர்த்தி இறக்கி, பெடலை ஒருமுறை மிதித்து இடைவெளி பார்ப்பாள். டாமில் சாய்வை மட்டும் மாற்றுவாள், உயரத்தைத் தொட மாட்டாள், ஏனென்றால் அதற்கு மெமரி லாக் போட்டிருக்கிறது. குழாயைச் சுற்றி டிரம் கீயால் இறுக்கும் வளையம் அது. அதற்குக் கீழே குழாய் இறங்காது. ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் இந்த வளையத்தைப் போட்டு இறுக்கிவைக்கத்தான் தோன்றும். பொதுச் செட்டில் டாம் தாங்கிக்கும் ஃப்ளோர் டாம் கால்களுக்கும் மட்டும் போதும். ஸ்னேர், ஹை-ஹேட், த்ரோன் மூன்றும் சுதந்திரமாக இருக்கணும்.

கீழே விரிப்பது தடித்த கார்ப்பெட்டாக இருக்கட்டும். பவானி ஜமுக்காளம் பார்க்க அழகு, ஆனால் மெல்லியது, கிக்கின் முன்கால் அதைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். எங்கள் கார்ப்பெட்டில் ஸ்டாண்டு கால்கள் நிற்கும் இடத்தில் கலர் டேப் ஒட்டியிருக்கிறோம். வெள்ளை பொது அமைப்பு. சிவப்பு இடக்கைக்காரர்களுக்கு.

இடக்கைக்காரர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்லணும், அவர்களைத்தான் பொது அறைகள் மறந்துவிடுகின்றன. ரிங்கோ இடக்கைக்காரர், வலக்கைச் செட்டில்தான் வாசித்தார், அதனால் அவருடைய டாம் ஓட்டங்களே தனி மாதிரி வந்தன என்பது உண்மை. அதைச் சொல்லி எல்லா இடக்கைப் பிள்ளையையும் வலக்கைச் செட்டில் பழகச் சொல்வது அநியாயம். எங்களிடம் வரும் ஒரு தம்பி ஹை-ஹேட்டை இடது கையாலேயே, கை குறுக்கே போகாமல் வாசிக்கிறான். ரைடை மட்டும் இடப்பக்கம் நகர்த்தினால் அவனுக்குப் போதும். இன்னொருவனுக்குச் செட் முழுசாகத் திரும்பணும். ஒரே டாம் கிக்கின் மேல் இருப்பதால் இதுவும் சீக்கிரம் முடிகிறது. ஃப்ளோர் டாமும் ஹை-ஹேட்டும் இடம் மாறணும், அவ்வளவுதான்.

இரண்டு காலாலும் கிக் அடிக்கிற டபுள் பெடல் கொண்டுவருகிறவர்கள் இருந்தால் ஹை-ஹேட் ஸ்டாண்டு வாங்கும்போது அதையும் யோசியுங்கள். மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கால் எப்போதும் இடது பெடலில் இடிக்கும். கால்களைச் சுழற்றி நகர்த்த முடிகிற ஸ்டாண்டு, அல்லது இரண்டு கால் ஸ்டாண்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

சிம்பலில் சாதாரணத் தொகுப்பு ஒன்று அறையிலேயே இருக்கட்டும்: 14 ஹை-ஹேட், ஓங்கி அடிக்கிற க்ராஷ் 16, ரைடு 20. எட்டரை அடி உயர அறையில் காதைக் கிழிப்பது சிம்பல்தான், அதனால் மெல்லியதாகப் பாருங்கள், மெல்லியது சீக்கிரம் ஓயும். ஆளாளுக்குச் சொந்தச் சிம்பல் கொண்டுவருவது நல்ல பழக்கம். ஸ்டாண்டின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குழலை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் சிம்பலின் நடுத்துளை இரும்புத் திருகில் உரசி உரசி ஒரு பக்கம் நீண்டுவிடும், சாவித் துவாரம் மாதிரி. அங்கிருந்து விரிசல் ஓட ஆரம்பிக்கும். காசு பெறாத பொருள், ஒரு டப்பா நிறைய வாங்கி வையுங்கள்.

மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம், ஈரம். குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழை கடுமை. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். இன்றைய டிரம் தோலுக்கு அதனால் பாதிப்பில்லை, அது பாலியெஸ்டர் ஃபிலிம். ரெமோ கம்பெனி அதை 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு கன்றுத்தோல்தான், மழை நாளில் தொய்ந்துவிடும். பறையை இன்றும் தீயில் காட்டித்தானே வாசிக்கிறோம். இப்போது கெடுவது இரும்பு. டாமைச் சுற்றி இருக்கும் இறுக்கு திருகுகளில் துரு ஏறினால் சுருதி மாற்றும்போது ஒடிந்துவிடும். தோல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் திருகுகளைக் கழற்றித் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மாட்டுகிறோம். ஸ்னேர், பெடல், சிம்பல் மூன்றும் அலமாரிக்குள். அதில் சின்ன குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும், இங்கே பட்டுப்புடவை வைக்கிற பீரோவில் பூஞ்சை வராமலிருக்கச் செய்வார்களே, அதேதான். செட்டின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். பருத்திப் போர்வை போதும்.

சத்தம் வெளியே போகும் விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. நாங்கள் பத்து மணி வரை இழுப்பதே இல்லை. இருட்டிய பிறகு படியில் காட்டெருமை நிற்கும், பிள்ளைகளை அதற்கு முன்பே அனுப்பிவிடுகிறோம். பரீட்சை மாதங்களில் டாமுக்கும் ஸ்னேருக்கும் வலைத் தோல் மாட்டிவிடுவோம். மேல் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் இத்தனை நாள் பொறுத்துக்கொள்வதே பெரிய விஷயம்.

வெளியே போகும் சத்தத்தைவிட உள்ளே இருக்கும் சத்தம்தான் எனக்குக் கவலை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காதுக்குப் பாதுகாப்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது கால் மணி நேரம். சின்ன அறையில் டிரம் செட் அந்த அளவைச் சுலபமாகத் தொடும். பக்கத்தில் நிற்கும் கிடார்காரரின் காது, க்ராஷ் சிம்பலின் உயரத்தில்தான் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலால் தாங்கணும். பிள்ளைகளுக்கு இதை நானே செய்துகாட்டுகிறேன். அடைப்பான் போடாதவர்களுக்கு எங்கள் அறையில் ஸ்டிக் கிடையாது.